ஐசியூவில் இரவை இரவாக வைப்பது எப்படி? புதிதாக டியூட்டிக்கு வரும் செவிலியர்களுக்கு

"ராஜபாளையம் வண்டி போயிருச்சாம்மா?"

மணி இரண்டே கால் இருக்கும், நைட் டியூட்டி. கேட்டவர் நாலாம் பெட் ஐயா. வயது எழுபத்திரண்டு. நிமோனியாவோடு வந்து வென்டிலேட்டரில் இருந்தவர், முந்தின நாள்தான் குழாயை எடுத்திருந்தோம். "வண்டியெல்லாம் இல்லீங்கய்யா, இது ஆஸ்பத்திரி" என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பெட் ரெயிலுக்கு வெளியே ஒரு கால் தொங்குகிறது. கையில் இருந்த லைன் பிய்ந்து விரிப்பெல்லாம் ரத்தம். "எடுக்கப் போறான், விடும்மா" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

ஐசியூவில் எனக்கு அது ஆறாவது மாதம். கோபம்தான் வந்தது. பல நாள் கழித்து, புதிதாக வந்த காற்று மெத்தை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதே பெட்டில் நானே படுத்துப் பார்த்தேன். நேர் மேலே டியூப் லைட். எங்கிருந்தோ டிங் டிங். டிராலி உருளும் சத்தம், யாரோ யாரையோ உரக்கக் கூப்பிடுகிறார்கள், கால்மாட்டில் ஆட்கள் போவதும் வருவதுமாக. ஜன்னல் கிடையாது. அசல் மாட்டுத்தாவணி. ராத்திரி இரண்டு மணியும் பகல் இரண்டு மணியும் ஒன்றாகத் தெரியும் இடம் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான். அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை.

புதிதாக ஐசியூவுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வென்டிலேட்டர், பம்ப், ஏபிஜி என்ற ரத்தவாயுப் பரிசோதனை எல்லாம் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நோயாளியைத் தூங்கவிடுவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில், அது பைத்தியம் அல்ல

பழைய ஆட்கள் "ஐசியூ சைக்கோசிஸ்" என்பார்கள். ஐசியூவுக்கு வந்தால் அப்படித்தான், வார்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் செய்வார்கள். அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். இது டெலிரியம். உடம்பில் நடக்கும் கோளாறுக்கு மூளை காட்டும் அடையாளம். சிறுநீரகம் செயலிழந்தால் கிரியாட்டினின் ஏறுவதைப் போல, மூளை தடுமாறும்போது கவனம் சிதறுகிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும், ஏறி இறங்கும். காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தெளிவாகப் பேசியவர் மாலையில் சுவரில் எறும்பு பொறுக்குவார்.

வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் ஒழுங்காகத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் நூற்றுக்கு எண்பது பேர் வரைகூட டெலிரியத்துக்கு உள்ளாகியிருக்கிறார்கள். வார்டுக்குப் போனதும் முடிந்துவிடுகிற விஷயமும் அல்ல. அமெரிக்காவில் 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஞாபகமும் சிந்தனையும் லேசான அல்சைமர் நோயாளியின் அளவில்தான் இருந்தன. டெலிரியம் எத்தனை நாள் நீண்டதோ அந்த அளவுக்குப் பாதிப்பும் கூடியிருந்தது.

வகை மூன்று. கத்துவது, பிடுங்குவது, இறங்கி ஓடப் பார்ப்பது ஒன்று. அசையாமல், பேசாமல், கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பது இன்னொன்று. இரண்டும் மாறி மாறி வருவது மூன்றாவது. முதல் வகையை வாட்ச்மேன்கூடக் கண்டுபிடித்துவிடுவார். நாம் கோட்டைவிடுவது இரண்டாவதை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்களிடம் இரண்டு நாள் அப்படிக் கிடந்தார். "ரொம்ப நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை" என்று ஹேண்ட்ஓவரில் நானே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் பார்க்க வந்த மகள், "அப்பா பேப்பர் கேக்காம ஒரு நாள் இருக்கமாட்டாரு. இது எங்கப்பா மாதிரியே இல்லக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் பரிசோதித்துப் பார்த்தோம். "தொந்தரவு இல்லாத பேஷண்ட்" என்று கேள்விப்பட்டால் இப்போது முதலில் அந்தப் பெட்டுக்குத்தான் போகிறேன்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு நிமிடம்

கேம்-ஐசியூ என்ற பரிசோதனை இதற்கென்றே இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வெஸ்லி ஈலி குழுவினர் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. பேச முடியாத, வாயில் குழாயோடு இருக்கும் நோயாளிக்கும் செய்யலாம்.

முதலில் ராஸ் அளவு போடுங்கள், நோயாளி எவ்வளவு விழிப்பாக அல்லது மயக்கமாக இருக்கிறார் என்று காட்டும் அளவுகோல் அது. விழிப்பாக அமைதியாக இருந்தால் 0. அடிக்க வருகிற அளவு மூர்க்கம் +4. எதற்குமே அசைவில்லை என்றால் -5. -4, -5 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பிறகு வாருங்கள். மயக்கத்தில் இருப்பவரிடம் கவனத்தைச் சோதிக்க முடியாது. -3-உம் அதற்கு மேலும் என்றால் தொடரலாம்.

அடுத்த கேள்வி, மனநிலை திடீரென்று மாறியிருக்கிறதா, அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ஏறி இறங்குகிறதா என்பது. பதில் உங்களிடம் இருக்காது. வீட்டு ஆட்களிடமும் முந்தின ஷிஃப்ட் சிஸ்டரிடமும் இருக்கும்.

பிறகு கவனம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சில எழுத்துச் சொல்றேன். 'ஏ'ன்னு சொல்லும்போது மட்டும் என் கையை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சொல்லுங்கள்: எஸ், ஏ, வி, ஈ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி. 'ஏ' வரும்போது அமுக்காவிட்டாலும் தப்பு, வேறு எழுத்துக்கு அமுக்கினாலும் தப்பு. இரண்டுக்கு மேல் தப்பு வந்தால் கவனம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலம் தெரியாதவரிடம் எப்படி என்று கேட்பார்கள். எழுத்து தெரிந்திருக்கத் தேவையில்லை, ஓசை காதில் விழுந்தால் போதும். ஆனால் நம் வாயில் 'ஈ'யும் 'ஏ'யும் ஒன்றுபோல் வந்துவிடக் கூடாது. மாஸ்க்குக்குள் முணுமுணுத்துவிட்டு அவர் மேல் பழி போட்டால் அது நம் தவறு. காது மெஷின் வைத்திருப்பவராக இருந்தால் முதலில் அதை மாட்டிவிடுங்கள்.

மனநிலை மாறியிருந்து, கவனமும் சிதறியிருந்து, ராஸும் 0 தவிர வேறு எதுவாக இருந்தாலும் டெலிரியம்தான், அதோடு முடித்துக்கொள்ளலாம். ராஸ் 0 என்றால் மட்டும் நாலு கேள்வி: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ இரண்டு கிலோவைவிட அதிக எடையா? சுத்தியலால் ஆணி அடிக்கலாமா? தலையசைத்தால் போதும். கூடவே, இரண்டு விரலைக் காட்டி "இத்தனை விரலைக் காட்டுங்க" என்றும், பிறகு "அதேபோல அடுத்த கையில காட்டுங்க" என்றும் சொல்லுங்கள். இதில் ஒன்றுக்கு மேல் தப்பு வந்தால் டெலிரியம்.

வந்த முதல் வாரம் பெரியவர்களிடம் "கல் மிதக்குமா" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். "சின்னப் பிள்ளைகிட்ட கேக்குற மாதிரி கேக்குறீங்களே" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டால் சந்தோஷப்படுங்கள். "எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான்யா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

டெலிரியம் என்று வந்தால் முதலில் விளக்கை அணைக்கப் போகாதீர்கள்

தூக்கம், வெளிச்சம் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனாலும் இதை முதலில் சொல்லியாக வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றினால் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள், சர்க்கரையைப் பாருங்கள், பிரஷர், காய்ச்சல் பாருங்கள். புதிதாக ஒரு நோய்த்தொற்றின் முதல் அறிகுறியே இதுவாக இருக்கலாம். கதீட்டர் அடைத்து வயிறு முட்டிக்கிடக்கிறதா? மலம் போய் எத்தனை நாள்? வலியா? வாயில் குழாய் இருப்பவருக்கு வலி என்று சொல்ல வாய் இல்லை, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்துச் சீட்டையும் ஒரு முறை பாருங்கள். மிடாசோலம், லோராசிபாம் வகை மயக்க மருந்துகள் டெலிரியத்தைக் கூட்டும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் போடும் அவில், "தூங்கட்டும்" என்று போடும் ஃபெனர்கன் இரண்டும் வயதானவர்களைக் குழப்பிவிடக்கூடியவை. டாக்டருக்கு ஞாபகப்படுத்துவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அட்மிஷன் ஆகி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, பூச்சி ஊருகிறது என்று ஒருவர் சொன்னால், கடைசியாக எப்போது குடித்தார் என்று வீட்டில் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் நடுவில் கேட்டால் "அந்தப் பழக்கமே இல்லீங்க" என்பார்கள். குடியை நிறுத்தியதால் வரும் டெலிரியத்துக்கு வைத்தியமே வேறு. மற்றவர்களுக்கு வேண்டாம் என்று தள்ளும் அதே லோராசிபாம் வகைதான் அங்கே மருந்து, கூடவே தயமினும் (வைட்டமின் பி1) தேவைப்படும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெளிச்சம் என்ன செய்கிறது

நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பொழுது பார்ப்பதற்கென்றே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. 2002-இல்தான் அது தெளிவாயிற்று. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது. நீல ஒளிக்கு, ஏறக்குறைய 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அவை அதிகமாக விழித்துக்கொள்ளும். அங்கிருந்து செய்தி மூளையின் கடிகாரத்துக்குப் போகிறது. பகல் என்று செய்தி வந்தால், உடம்புக்கு இரவைச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு நிற்கும், இருட்டு என்று வந்தால் சுரக்கும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெளியே வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மேகமூட்டமான நாளிலும் பல ஆயிரம். ஜன்னல் இல்லாத ஐசியூவில் பெட்டில் படுத்திருப்பவரின் கண்ணில் பகலில் விழுவது பெரும்பாலும் சில நூறு லக்ஸ், பல இடங்களில் அதற்கும் கீழே. நமக்கு "பளிச்சென்று" தெரியும் டியூப் லைட் வெளிச்சம் மூளைக்குப் பகலாகக் காணாது. ராத்திரியிலோ அதே விளக்கு நீலம் கலந்த வெள்ளையோடு விடியவிடிய எரிகிறது, அப்போது அது இரவுக்கு அதிகம். பகலுக்குப் போதாத, ராத்திரிக்கு மிஞ்சிய ஒரே வெளிச்சம் 24 மணி நேரமும்.

அப்படியானால் பகலில் நல்ல பிரகாசமான விளக்கு போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நெதர்லாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். கூரையில் நீல வெள்ளை விளக்குகளைப் பதித்து, பகலில் 1,700 லக்ஸ் வரை கொடுத்தார்கள். மொத்தம் 734 நோயாளிகள். முடிவு 2016-இல் வந்தது: விசேஷ விளக்கின் கீழ் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும், சாதாரண விளக்கில் இருந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் டெலிரியம். பலன் இருக்காது என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் டெலிரியத்துக்கென்று பிரகாச விளக்கு வேண்டாம் என்றே சொல்கிறது.

அதற்கு நேர்மாறாக இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகர ஐசியூ ஒன்றில் புதிய விளக்கு எதுவும் வாங்கவில்லை. ராத்திரி விளக்கைத் தணித்தார்கள், சத்தத்தைக் குறைத்தார்கள், வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள், காது அடைப்பானும் கண் திரையும் கொடுத்தார்கள், பகலில் நேரமும் இடமும் சொல்லிப் பேசினார்கள். டெலிரியம் 33 சதவீதத்திலிருந்து 14 ஆக இறங்கியது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வுதான், அதனால் அப்படியே தங்கமாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதில் விளக்குக்குப் பங்கு உண்டு. பெரிய பங்கு நம் கைக்கு.

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஐசியூவில் 147 இரவுகளைப் பதிவு செய்து 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரு நோயாளியை ஓர் இரவில் சராசரியாக 42 முறைக்கு மேல் ஏதோ ஒரு வேலைக்காக அணுகியிருந்தார்கள். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து தொடாமல் விட்டது 147 இரவுகளில் ஒன்பதே தடவை. தூக்கத்தின் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய 90 நிமிடம் வேண்டும். நம் நோயாளிகள் 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு மணி நேரம்கூடத் தூங்கியிருப்பார்கள். ஆனால் அதில் பாதி பகலில், அதுவும் துண்டு துண்டாக. ஆழ்ந்த தூக்கத்துக்கும் கனவுத் தூக்கத்துக்கும் போய்ச் சேர்வது ரொம்பக் குறைவு.

காலை: பொழுது விடிந்ததைச் சொல்லுங்கள்

ஆறரை, ஏழு மணிக்கு எல்லா விளக்கையும் போடுங்கள். ஜன்னல் இருக்கும் யூனிட்டுக்கு அதிர்ஷ்டம், திரையை முழுசாக விலக்குங்கள். 1972-லேயே ஓர் ஆய்வு, ஜன்னல் இல்லாத ஐசியூவில் அறுவை நோயாளிகளிடம் டெலிரியம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் திரையை விலக்கச் செலவு என்ன?

கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் அட்மிஷன் அன்றே வீட்டு ஆட்களிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், தொலைந்துபோனால் நம் தலையில் விடியும் என்று. அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் எழுதிய டப்பாவில் வைத்து ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண்ணி ஒப்படைத்தால் தொலையாது. கண்ணாடி இல்லாத கிழவருக்குக் கூரையில் இருக்கும் ஏசி கிரில் என்னவாகவெல்லாம் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "காலையில ஏழு மணிங்கய்யா. இன்னைக்கு வியாழக்கிழமை. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க. நுரையீரல்ல சளி கட்டியிருந்துச்சு, இப்ப பரவாயில்லை" என்று சொல்லுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். மாட்டுவதென்றால் பெரிய எண் போட்ட கடிகாரமும் தினசரிக் காலண்டரும் நோயாளியின் கண்ணுக்கு நேராக மாட்டுங்கள். எங்கள் யூனிட்டில் நெடுநாள் கடிகாரம் நர்சிங் ஸ்டேஷனைப் பார்த்துதான் தொங்கியது. காலண்டர் தாளைக் கிழிப்பதை மறக்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமையிலேயே நிற்கும் காலண்டர் இல்லாமலிருப்பதே மேல்.

டாக்டரும் பிசியோவும் சரி என்றால் உட்காரவையுங்கள். பெட்டின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம், பிறகு நாற்காலி. சீக்கிரமே உட்காரவைத்து நடக்கவைத்தால் டெலிரியம் நீடிக்கும் நாட்கள் குறைகின்றன என்று 2009-லேயே காட்டியிருக்கிறார்கள். பகலில் உடம்பு அசையாதவருக்கு ராத்திரி எங்கிருந்து தூக்கம் வரும்?

மதியமும் பார்வையாளர் நேரமும்

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண் அசரலாம். அதற்கு மேல் தூங்கினால் மெதுவாக எழுப்புங்கள்.

பார்க்க வருபவர்கள் பாதிப் பேர் கால்மாட்டில் நின்று அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல். நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்: முகத்துக்கு நேராக வாருங்கள், கையைத் தொடுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் பேசுங்கள். "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைக்க வேண்டாம், "நான்தான் செல்வி வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆடு குட்டி போட்டது, பேத்தி ஸ்கூலில் ஆடியது, எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் பேசலாம். சொத்து, ஆஸ்பத்திரிச் செலவு, யாருக்காவது காரியம் ஆன செய்தி இதெல்லாம் வேண்டாம். பிரேசிலில் 36 ஐசியூக்களில் பார்வை நேரத்தை நீட்டிப் பார்த்த ஆய்வில் டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை, ஆனால் குடும்பத்தாரின் பதற்றம் குறைந்தது. அது போதாதா?

ராத்திரி: பன்னிரண்டிலிருந்து நாலு

முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஹேண்ட்ஓவர் வாங்கியதும் ஒரு தாளை எடுத்து, உங்கள் நோயாளிக்கு இன்று ராத்திரி செய்யவேண்டிய எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ஆன்டிபயாட்டிக், ஜிஆர்பிஎஸ் (விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை), பொசிஷன் மாற்றுவது, வாய் சுத்தம் செய்வது, நெபுலைசேஷன், ஃபீட், ரத்த மாதிரி, எக்ஸ்ரே, ஸ்பாஞ்ச் பாத். எழுதி முடித்தால், பத்து மணிக்கு ஒன்று, பத்தே முக்காலுக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று என்று சில்லறை சில்லறையாக இருப்பது தெரியும். அதைக் கட்டாக மாற்றுவதுதான் வேலை. பதினொன்றரைக்குப் போய் ஒரே நிற்பில் எல்லாவற்றையும் முடியுங்கள். அடுத்தது இரண்டு மணி. அதற்கடுத்தது நாலரை.

எதைத் தள்ளிவைக்கலாம், எதைக் கூடாது என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். இன்சுலின் பம்ப் ஓடுகிறவருக்கு மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்தே ஆகவேண்டும். தலைக்காயத்துக்கு நரம்பியல் பரிசோதனையை "தூங்கட்டும்" என்று விடவே கூடாது. அங்கே தூக்கம் போலத் தெரிவது வேறு ஏதாவதாக இருக்கலாம். படுக்கைப்புண் வரும் நிலையில் இருப்பவரைத் திருப்பாமல் இருக்க முடியாது. ஆனால் நிலையாக இருக்கிறவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் கஃப் கால் மணிக்கு ஒரு முறை தேவையா? தமனிக்குள்ளிருந்தே பிரஷரைக் காட்டும் ஆர்ட்டீரியல் லைன் இருக்கும்போது கஃப் எதற்கு? சிறுநீர் போகவைக்கும் லேசிக்ஸை ராத்திரி பத்துக்குப் பதில் மாலையே கொடுக்கலாமா? கேளுங்கள். பெரும்பாலும் "சரி, மாத்திக்கோங்க" என்பார்கள். யாரும் கேட்காததால்தான் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பாஞ்ச் பாத் சமாச்சாரம் தனி. காலை ஷிஃப்டுக்கு வேலை மிச்சம் வைக்கக் கூடாது என்று மூன்று மணிக்கே ஈரத்துணியோடு போய் நிற்கிறோம். நானும் வருடக்கணக்கில் செய்தவள்தான். குளிரூட்டிய அறையில், அரைத்தூக்கத்தில் இருக்கும் மனிதரைத் துணி விலக்கி ஈரத்துணியால் துடைப்பதை அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் வேண்டாம். ஒன்பது மணிக்குச் செய்யலாம், காலையிலும் செய்யலாம். காலை ஷிஃப்ட் முணுமுணுக்கும்தான். இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கும், அதனால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

வெளிச்சம்: பத்து மணிக்குக் கூரை விளக்குகளை அணைத்து, நர்சிங் ஸ்டேஷனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சக்ஷன் போட எட்டு பெட்டுக்கும் லைட் எரிய வேண்டியதில்லை. அந்தப் பெட் விளக்கு மட்டும், அல்லது டார்ச். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் கீழே பிடியுங்கள். மானிட்டர் திரையின் பிரகாசத்தைக் குறைக்கப் பெரும்பாலான மாடல்களில் வழி உண்டு. இருட்டில் மருந்து போடாதீர்கள், லேபிள் படிக்க வேண்டிய வேலையை நல்ல வெளிச்சத்தில், ஸ்டேஷனில் வைத்தே செய்யுங்கள்.

சத்தம்: மருத்துவமனையில் இரவில் 30 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவை அநேகமாக எந்த ஐசியூவும் எட்டுவதில்லை, ஐம்பது அறுபது சாதாரணம். அலாரத்தை மௌனமாக்கிவிட்டுப் போவது பதில் அல்ல, ஆபத்து. நோயாளிக்கு ஏற்ற எல்லையை டாக்டரோடு பேசி வைத்தால் வெட்டி அலாரம் பாதி குறையும். எலெக்ட்ரோடைத் தினம் மாற்றினால் இன்னும் குறையும். சிரிஞ்ச் பம்ப் தீரப்போவதை முன்கூட்டியே பார்த்து அடுத்த சிரிஞ்சை ஏற்றிவைத்துக்கொண்டால் அது கத்துவதற்கு முன் மாற்றிவிடலாம். மற்றபடி இரும்பு டஸ்ட்பின் மூடி, சக்கரம் கிரீச்சிடும் டிராலி, நம் செல்போன் ரிங்டோன், நம் சிரிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் கட்டுப்படுத்தக் கஷ்டம்.

கண் திரையும் காது அடைப்பானும் மலிவான, நல்ல சாமான்கள். ஆனால் கேட்டு, காட்டி, அவர் கையில் கொடுத்து, சம்மதித்தால் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவரின் கண்ணைக் கட்டினால் அவர் மனசில் என்ன ஓடும்? தானாகக் கழற்ற முடியாதவருக்கும் வேண்டாம்.

மயக்கம் தூக்கம் ஆகாது

"ராத்திரி நல்லா தூங்கினார்" என்று சார்ட்டில் எழுதுகிறோம், மிடாசோலம் ஓடிக்கொண்டிருந்தவரைப் பற்றி. கண் மூடியிருந்தது, அவ்வளவுதான். ஆழ்ந்த தூக்கத்தை அந்த வகை மருந்துகள் குறைத்துவிடும். "ராஸ் இத்தனை, மருந்தில் இருந்தார்" என்று எழுதுங்கள். மெலடோனின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகள் எல்லாம் டாக்டர் முடிவு செய்யவேண்டியவை. நீங்கள் சொல்லவேண்டியது நேற்று உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைத்தான்.

இரண்டு மணிக்கு இறங்கி ஓடப் பார்த்தால்

முதலில் ஒரே ஒருவர் பேசுங்கள். நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொன்று கத்தினால் அவருக்கு அது அடிதடி. கண் மட்டத்துக்குக் குனிந்து, மெதுவாக, சின்ன வாக்கியமாக. "பஸ்ஸெல்லாம் கிடையாது, பேசாம படுங்க" என்று வாதாடினால் தோற்பீர்கள், நான் தோற்றவள். "ஆமாய்யா, பஸ்ஸு வருது" என்று பொய்யும் வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் மும்முரமாகக் கிளம்புவார். "ஊருக்குப் போகணும்னு இருக்கா? யாரு இருக்கா வீட்டுல?" என்று கேளுங்கள். ஆசையை ஒப்புக்கொண்டு, இடத்தை மட்டும் மெல்லத் திருத்துங்கள். சிறுநீர் முட்டுகிறதா, தாகமா, குழாய் உறுத்துகிறதா என்று பாருங்கள். சில நேரம் வாயை நனைத்துவிட்டாலே அடங்கிவிடும்.

கையைக் கட்டுவது கடைசி வழி. டாக்டர் உத்தரவோடு, வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, குறைந்த நேரத்துக்கு, விரல் நிறமும் நாடியும் பார்த்துக்கொண்டே. கட்டினால் திமிறல் கூடும். லைனைக் கட்டுத்துணிக்குள் மறைத்துவைப்பதும், கையில் பிடித்துக்கொள்ளத் துண்டோ ஜெபமாலையோ கொடுப்பதும் பல நேரம் போதுமானதாக இருக்கும்.

"ஒரு ஹாலோபெரிடால் போட்டுவிடுங்க டாக்டர்" என்பது நம் எல்லோர் வாயிலும் வரும், மூர்க்கத்தை அடக்கும் மருந்து அது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 566 பேருக்கு ஹாலோபெரிடால், அதே வகை ஜிப்ராசிடோன், வெறும் உப்புநீர் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசமே இல்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவு மூர்க்கம் என்றால் டாக்டர் போடுவார், அது வேறு. போட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்கிறதா என்று பாருங்கள்.

ஹேண்ட்ஓவரும் அனுப்பிவைப்பதும்

காலையில் ஒப்படைக்கும்போது மூன்று விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள்: ராஸ் எவ்வளவு, கேம்-ஐசியூ என்ன, தொடர்ந்து தூங்கியது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. மூன்றாவதைச் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த ராத்திரி நீங்களே அந்த எண்ணைக் கூட்டப் பார்ப்பீர்கள்.

வார்டுக்கு அனுப்பும்போது வீட்டாரைத் தனியே அழைத்து, கெட்ட கனவுகளும் அரைகுறை ஞாபகங்களும் சில வாரம் இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகலாம், அதைச் சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஞாபக மறதியோ பயமோ குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டவும் சொல்லுங்கள்.

நாலாம் பெட் ஐயா பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார். போகும்போது ஐசியூ வாசலில் வீல்சேரை நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "பஸ் ஸ்டாண்டுல உன்னையப் பாத்தேன்மா" என்றார். "நீதான் கண்டக்டர். கையில லைட்டு வச்சுக்கிட்டு ராவெல்லாம் வந்து எழுப்பி எழுப்பி டிக்கெட் கேட்ட."